இரட்டைப் பஞ்சப்படி

உத்தியோகத்தை விட்டு விலகி வந்த ஒருவனை அவனுடைய பழைய முதலாளி நினைத்துப் பார்ப்பதென்பது உலகத்தில் அபூர்வமாக நடக்கும் காரியம். நினைத்துப் பார்த்ததோடு நில்லாமல், பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையையும் இணைத்து, ஒரு கடிதமும் எழுதிவிட்டாரென்றால், அது அன்பின் மிகுதியால் நேர்ந்ததன்று என்பதை அநுபவஸ்தர்கள் உறையைப் பிரிக்காமலே கண்டுகொள்வார்கள். அணைக்கட்டில் எங்கள் தெருவார் யாவரும் இந்த விஷயத்தில் அநுபவஸ்தர்களே. விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி, பள்ளிகொண்டா வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்து, ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கும் தோல் கம்பெனிகளுக்கும் போய் வருகிறவர்கள் ஒரு பாதி. அப்படிப் போய் வந்து, முழங்கால் தேய்ந்தோ மனம் தேய்ந்தோ நின்றுவிட்டவர்கள் மற்றொரு பாதி. ஆகவே, தபால்காரர் என்னிடம் கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள்ளாகவே எதிர்வீட்டுப் பையன், "இன்னா மாமா, நின்ன கம்பெனியில இருந்து லெட்டர் வந்துகீதாமே? எவ்ளோ கேக்கிறான்?" என்று விசாரித்துவிட்டான். எவ்வளவு தருகிறான் என்று அவன் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கடிதம் மிக்க மரியாதையோடு எழுதப்பட்டிருந்தது. நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுவதிலும் நிர்வாகம் என்னைப் பற்றி அவ்வளவு உயர்வாகப் பேசி நான் கேட்டதில்லை. முதற் பாராவில் என் நெடுங்காலச் சேவை போற்றப்பட்டிருந்தது. இரண்டாம் பாராவில் என் எதிர்காலம் வாழ்த்தப்பட்டிருந்தது. மூன்றாம் பாராவில், தணிக்கையின்போது கவனத்துக்கு வந்த ஒரு சிறு விவரத்தை முன்னிட்டு, எனக்கு அதிகப்படியாக வழங்கப்பட்டுவிட்ட 22,151 ரூபாய் 5 பைசாவைப் பதினைந்து தினங்களுக்குள் திருப்பிச் செலுத்தி ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தது. ரூபாயைக் கடன் வாங்கியாவது புரட்டிவிடலாம். அந்த 5 பைசாதான் என்னை நெடுநேரம் சிந்தனையில் ஆழ்த்தியது. இருபத்தைந்து பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செல்லாக்காசாகிவிட்டன. ரிசர்வ் வங்கியே கைகழுவிவிட்ட ஒரு நாணயத்தை அணைக்கட்டுவாசி ஒருவன் எங்கே தேடிப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பது?

இந்த அதிகப்படி விளைந்த வரலாற்றையும் சொல்ல வேண்டும். 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் பிரகாரம் தமிழ்நாட்டில் நிர்ணயிக்கப்பட்டு வந்த கூலியில், அடிப்படைச் சம்பளம் என்பது ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்க, பஞ்சப்படி மட்டும் சென்னை மாநகரின் விலைவாசிக் குறியீட்டெண்ணைப் பார்த்து ஏப்ரல் முதல் தேதியில் ஏறும். சென்னையில் துவரம்பருப்பு விலை உயர்ந்தால் அணைக்கட்டுக்காரனுக்குச் சம்பளம் உயரும் என்பது இதன் தாத்பரியம். அந்த அளவுக்கு நாங்கள் சென்னைவாசிகளின் கஷ்டத்துக்குக் கடமைப்பட்டவர்கள். 2021 ஏப்ரலில் எங்கள் கம்பெனியின் சம்பளக் கணக்கு பேரேட்டிலிருந்து கம்ப்யூட்டருக்குக் குடியேறிக்கொண்டிருந்தது. உயர்ந்த பஞ்சப்படியைக் கணக்கர் பேரேட்டில் முறையாகச் சேர்த்து எழுதியிருந்தார். கம்ப்யூட்டரோ, புது மருமகளுக்குரிய உற்சாகத்தோடு, மாமியார் ஏற்கெனவே உப்புப் போட்டுவிட்ட குழம்பில் தானும் ஒருமுறை உப்பைப் போட்டுவிட்டது. அதன் பயனாக மாதம் 620 ரூபாய் எனக்கு அதிகமாக வரத் தொடங்கி, 2023 அக்டோபரில் நான் வேலையை விட்டு நிற்கும் வரையில், முப்பத்தொரு மாதம் தவறாமல் வந்துகொண்டே இருந்தது. அந்தக் கம்பெனியில் அவ்வளவு ஒழுங்காக நடந்த காரியம் வேறொன்றும் என் ஞாபகத்துக்கு வரவில்லை.

"அப்போதே தெரியவில்லையா?" என்று கேட்காதவர் கிடையாது. இந்தக் கேள்விக்கு நான் பார்த்த உத்தியோகம் வேறு இடங்கொடுத்துவிட்டது. பதனிட்டு வந்த தோலை மேஜைமேல் விரித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, உண்ணி கடித்த தழும்பு எது, முள் கீறிய கோடு எது, உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு எது, சூடு போட்ட அடையாளம் எது என்று கண்டுபிடித்துத் தரம் பிரித்து அடுக்குவது என் வேலை. "ஆட்டை உண்ணி கடிச்ச எடத்த கண்டுபுடிக்கிறவரு, சம்பளச் சீட்டுல அறுநூறு ரூவா கூடுனத கண்டுபுடிக்கலையா மாமா?" என்று என் மைத்துனன் நாலு பேர் நடுவில் கேட்டான். தோலைக் கையில் கொடுத்தால் அதன் குற்றங் குறைகள் கண்ணுக்கு நேராக நிற்கும். சம்பளச் சீட்டு என்பதோ இரண்டு விரற்கடை அகலத்தில், பாதி எழுத்து அச்சாகாமலும், அச்சான பாதி சுருக்கெழுத்தாகவும் இருக்கிற ஒரு காகிதத் துண்டு என்பதை அவனுக்கு எப்படி விளக்குவது? மேலும், சம்பளம் குறைந்தால் ஆபீஸ் வாசலில் போய் நிற்கிறவன், அதுவும் ஏற வேண்டிய ஏப்ரல் மாதத்தில் ஏறியதற்காக, "ஐயா, ஏன் ஏற்றினீர்கள்?" என்று போய்க் கேட்பது எந்த ஊரிலும் வழக்கமில்லை. முதலாளிக்குக் கடைசியில் நல்ல புத்தி வந்தது என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் சம்பிரதாயம்.

அந்த 620 ரூபாய் எங்கே போயிற்று என்று கண்டறிய நானும் என் மனைவியும் ஒரு சாயங்காலம் முழுவதும் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தோம். நகையாக மாறியிருந்தால் அடகு வைக்கலாம். நிலமாக மாறியிருந்தால் விற்கலாம். அது அப்படி உருப்படியான எதுவாகவும் மாறவில்லை. பால்காரரிடம் அரை லிட்டர் கூடுதலாகவும், சீட்டில் கொஞ்சம் பெரிய சீட்டாகவும், சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஆம்பூர் பிரியாணியும் அதற்குத் துணையான எண்ணெய்க் கத்திரிக்காயுமாகவும் கரைந்துபோயிருந்தது. சாப்பிட்ட பிரியாணியைத் தவணை முறையில்கூடத் திருப்பிக் கொடுக்க முடியாதென்பது யாவரும் அறிந்ததே. இந்த நியாயம் எனக்கு மட்டும் தோன்றியதன்று. 1825-இல் இங்கிலாந்தில் ஸ்கைரிங் என்னும் ராணுவ மேஜர் ஒருவருக்கு, சம்பளப் பட்டுவாடா செய்கிறவர்கள், கூடுதல் சம்பளத்துக்கு மேலிடத்து அநுமதி இல்லையென்று தெரிந்திருந்தும், சில ஆண்டுகள் அதை அவர் கணக்கில் வரவு வைத்துக்கொண்டே வந்து, பிற்பாடு பிடித்துக்கொள்ளப் பார்த்தபோது, மனிதன் தனக்கு இவ்வளவு வருமானமென்று நம்பி அதற்குத் தகுந்தபடியே குடித்தனம் நடத்துகிறான், ஆகையால் பிடிப்பது நியாயமன்று என்று லண்டன் நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அந்த மேஜர் துரையையும் என்னையும் இரண்டு நூற்றாண்டு தூரத்தில் இணைத்துவைத்தது இந்தப் பஞ்சப்படிதான்.

ஆனால் செலவழித்ததைக் கேட்டதைக்காட்டிலும் என்னை அதிகமாக வியப்பில் ஆழ்த்தியது, என் கைக்கு வந்தே சேராததையும் கேட்டிருந்ததாகும். மாதம் 620 வீதம் முப்பத்தொரு மாதத்துக்கு 19,220 ரூபாய். அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் பி.எப்.புக்கென்றும், முக்கால் வீதம் இ.எஸ்.ஐ.க்கென்றும் அவர்களே என் பங்காகப் பிடித்துக்கொண்டதுபோக, எனக்கு நிஜமாகக் கிடைத்தது 16,769 ரூபாய் 45 பைசா. கடிதம் கேட்டதோ பிடித்தம் எதுவும் கழிக்காத முழுத்தொகை. அதன் தலைமேல், கம்பெனி தன் பங்காகப் பி.எப்.புக்குக் கட்டிய பன்னிரண்டு வீதமும், இ.எஸ்.ஐ.க்குக் கட்டிய மூன்றே கால் வீதமும். பி.எப். பணமாவது என் பெயரில் எங்கேயோ படுத்திருக்கிறது. அதில் ஒரு பகுதி ஓய்வூதிய நிதியில் போய்ச் சேர்ந்துவிட்டது. உரிய படிவமும் உரிய பொறுமையும் இருந்தால் என்றாவது ஒருநாள் அதன் முகத்தைப் பார்க்கலாம். இ.எஸ்.ஐ. பணம் அப்படியன்று. ஊரே இருமிக்கொண்டிருந்த 2021-லும் அந்த ஆஸ்பத்திரியின் படியை மிதிக்காதவன் நான். எனக்கு வராத காய்ச்சலுக்குக் கம்பெனி கட்டிய சந்தாவையும் நானே திருப்பித் தர வேண்டுமென்பது என்ன தர்மமென்று விளங்கவில்லை.

இந்த விநோதத்தை நடத்துவதில் எங்கள் கம்பெனி தனித்து நிற்கவில்லை என்பது ஒரு ஆறுதல். கனடா தேசத்து அரசாங்கம் 2016-இல் பீனிக்ஸ் என்று நாமகரணம் செய்த ஒரு சம்பளக் கம்ப்யூட்டர் முறையை ஸ்தாபித்து, ஆயிரக்கணக்கான ஊழியர்களில் சிலருக்கு அதிகமாகவும், சிலருக்குக் குறைவாகவும், சிலருக்குச் சம்பளமே இல்லாமலும் பட்டுவாடா செய்து, பிறகு அதிகம் வாங்கியவர்களிடம் வரிப்பிடித்தம் உட்பட முழுத்தொகையையும் கேட்டு, அவர்கள் கூக்குரலிட்ட பின்னர் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயரைச் சூட்டியவர்கள், முதலில் சாம்பலாவது யார் என்பதை யோசித்திருக்க மாட்டார்கள்.

என் மைத்துனனுக்குக் கனடாவைக் காட்டிலும் சிலி நாட்டின்மேல் மதிப்பு அதிகம். அங்கே 2022-இல் ஒரு கம்பெனி தன் ஊழியர் ஒருவருக்கு மாதச் சம்பளத்தைப்போல நூற்றுக்கணக்கான மடங்கைத் தவறுதலாக வங்கியில் போட்டுவிட, திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்ட அந்த மனிதர், வக்கீல் மூலமாக ராஜிநாமாவை அனுப்பிவிட்டுக் கண்மறைவாகிப் போனார். "அது மாதிரி பண்ணணும் மாமா," என்றான் மைத்துனன். ஆனால் 620 ரூபாயை வைத்துக்கொண்டு ஒருவன் கண்மறைவாவதானால் ஒடுகத்தூர் வரையில்தான் போகலாம். அங்கே என் பெரிய அத்தை இருக்கிறாள். அவள் அன்றைக்கே ஆள் அனுப்பித் தகவல் சொல்லிவிடுவாள்.

ஆகவே சத்துவாச்சாரியில் உள்ள ஒரு வக்கீலிடம் போனேன். அவர் கடிதத்தைப் படித்துவிட்டு, முதலில் பயமுறுத்தி, பிறகு தைரியமூட்டி, அதன் பின் மறுபடியும் பயமுறுத்தினார். வக்கீல்களின் முறை அதுதான் போலும். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 72-ஆவது பிரிவு, தவறுதலாகக் கொடுக்கப்பட்டதை வாங்கியவன் திருப்பித் தர வேண்டுமென்று சொல்லுகிறது. சட்டம் எழுதியவர்கள் அதற்கு உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள்: இரண்டு பேர் சேர்ந்து ஒருவனுக்கு நூறு ரூபாய் கடன்பட்டிருக்க, ஒருவன் போய்க் கொடுத்துவிட்டது தெரியாமல் மற்றவனும் போய் நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டானென்றால், வாங்கியவன் அவனுக்கு அதைத் திருப்பித் தர வேண்டும். என் விஷயத்தில் கொடுத்தவர்கள் பேரேடும் கம்ப்யூட்டரும். அப்போது அமலில் இருந்த 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டமும், அதிகமாய்க் கொடுத்ததை வருகிற சம்பளத்தில் சரிக்கட்டிக்கொள்ளலாமென்றும், ஆனால் மொத்தப் பிடித்தம் பொதுவாகச் சம்பளத்தில் பாதிக்குமேல் போகக்கூடாதென்றும் சொல்லிற்று. "எனக்குத்தான் இப்போது அங்கே சம்பளமே இல்லையே?" என்றேன். "அதனாலதான் லெட்டர் போட்டுக்கிறாங்க," என்றார் வக்கீல்.

பின்பு தைரியமூட்டினார். 2014 டிசம்பர் 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பஞ்சாப் அரசுக்கும் ரஃபீக் மசீ என்பவருக்கும் இடையே நடந்த வழக்கில் தீர்ப்பளித்து, எந்தெந்தச் சந்தர்ப்பங்களில் அதிகச் சம்பளத்தைத் திரும்பப் பிடிக்கக் கூடாதென்று வகுத்துச் சொல்லியிருக்கிறது. கீழ்நிலை ஊழியர்களிடம் பிடிக்கக் கூடாது. ஓய்வு பெற்றவரிடமும், ஓராண்டுக்குள் ஓய்வு பெற இருப்பவரிடமும் கூடாது. ஐந்தாண்டுக்குமேல் கொடுத்துவந்ததைப் பிடிக்கக் கூடாது. உயர்ந்த பதவியின் வேலையை முறைதவறி வாங்கிக்கொண்டு அதற்காகக் கொடுத்த சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. பிடிப்பது கொடுமையாக முடியுமிடத்தில் எவ்விதத்திலும் கூடாது. அந்த ரஃபீக் மசீயின் உத்தியோகம் வழக்கின் தலைப்பிலேயே அடைப்புக்குறிக்குள் இருக்கிறது: சுவருக்கு வெள்ளையடிப்பவர். தேசம் முழுவதிலும் உள்ள குமாஸ்தாக்களின் சம்பளக் கணக்கை வெள்ளையாக்கி வைத்தவர் அவரே என்பதில் எனக்கு மிக்க சந்தோஷம். கேரளத்தில் 1999-இல் ஓய்வு பெற்ற தாமஸ் டேனியல் என்ற ஆசிரியரும், தம்மிடம் அதிகச் சம்பளத்தைத் திரும்பக் கேட்ட அரசாங்கத்தோடு வழக்காடி, 2022-இல் உச்ச நீதிமன்றத்தில் ஜயித்தார். வக்கீல் இவ்வளவும் சொன்னபோது, நான் மனத்துக்குள்ளே பிரியாணிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். அதன் பிறகுதான் அவர், இவையெல்லாம் சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் வழக்குகளில் எழுந்தவை, தனியார் கம்பெனிக்கு அப்படியே பொருந்துமென்று தாம் உறுதி சொல்ல முடியாது, வழக்குப் போட்டால் செலவு 22,151-ஐத் தாண்டும் என்று தெரிவித்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, பாலாற்று மணலைப் பார்த்துக்கொண்டே எனக்கு வேறொரு கணக்கு ஞாபகம் வந்தது. இந்தப் பாலாற்றுப் படுகையில் தோல் கழிவுநீரைவிட்டு நிலத்தையும் கிணற்றையும் கெடுத்ததற்காக, கெடுத்தவர்களே நஷ்டஈடு தர வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பளித்தது. டேனரி ஒவ்வொன்றுக்கும் பதினாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. அதே நீதிமன்றம் 2025 ஜனவரி 30-இல், கிடைக்க வேண்டியவர்களுக்கு நஷ்டஈட்டை மாநில அரசு முதலில் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் பிற்பாடு வசூலித்துக்கொள்ளட்டுமென்று மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையே இருபத்தெட்டு ஆண்டுகள் சென்றன. அந்தக் கணக்கைத் தணிக்கை செய்தவர்களை எங்கள் கம்பெனிக்கு அனுப்பியிருந்தால் என் 620 ரூபாய் என் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் வெளிப்பட்டிருக்கும்.

வக்கீல் சொல்லிக்கொடுத்தபடி, மாதவாரியாக விவரம் கேட்டும், கைக்கு வந்ததைத் தவிர மற்றதற்கு நான் பொறுப்பல்ல என்று தெரிவித்தும், அதையும் தவணையில்தான் தர இயலுமென்று விண்ணப்பித்தும் ஒரு பதில் எழுதினேன். சில நாள் கழித்து அந்தக் கம்பெனியின் ஆபீஸ் பையன் ஒருவன் போன் செய்து, "ஐயா, சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது," என்றான். சிஸ்டம்தானே இரண்டு தரம் போட்டது என்றேன். அது பழைய சிஸ்டம், இது புதிய சிஸ்டம் என்று விளக்கினான். நல்ல பிள்ளை; என்னைக் காட்டிலும் அவன் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும்.

இதற்கிடையில், பேரேட்டுக் காலத்துக் கணக்கரை அணைக்கட்டு பஸ் நிலையத்தில் சந்தித்தேன். எனக்குச் சில மாதம் பின்னால் அவரும் ஓய்வு பெற்றவர். அவர் பையிலும் ஒரு பதிவுத் தபால் இருந்தது! தம் கையால் தமக்கே அதிகமாய்ப் பட்டுவாடா செய்துகொண்டவர் என்ற முறையில் அவருக்கு வந்த கடிதம் என்னுடையதைவிட ஒரு பாரா நீளமாக இருந்தது. "நான் லெட்ஜர்ல போட்டது ஒரு தரந்தான் தம்பி. ரெண்டாந் தரம் போட்டது கம்ப்யூட்டரு. அதுக்கு எவனாச்சும் லெட்டர் போட்டானா பாரு," என்று அவர் மனம் நொந்து பேசினார்.

அந்தக் கடிதங்களுக்கு வந்த பதில்கள் குவிந்துபோய், மாதவாரியாக விவரம் கொடுக்கப் பழைய பேரேட்டைப் படிக்கத் தெரிந்தவர் கம்பெனியில் ஒருவரும் இல்லையென்று தெரியவந்ததும், நிர்வாகம் அந்தக் கணக்கரையே தினக்கூலியில் திரும்ப அழைத்துக்கொண்டது. அவருடைய கூலியில் அவருடைய தவணையைப் பிடித்துக்கொண்டார்கள். 1936-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதிக்குமேல் பிடிக்காமல் பார்த்துக்கொண்டவரும் அவரே. அவர் கை பட்டதும் என் கணக்கு 16,769 ரூபாய் 45 பைசாவாகச் சுருங்கியது. அந்த 45 பைசாவைப் பெருந்தன்மையோடு தள்ளுபடி செய்திருப்பதாக எனக்குத் தனிக்கடிதம் வந்தது. மாதம் ஆயிரம் வீதம் செலுத்தச் சம்மதித்தேன். நின்றபிறகு வந்த பணத்தில் இலவம்பாடிப் பக்கம் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து முள்ளுக் கத்திரி போட்டிருக்கிறேன். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கத்திரிக்காய், பிரியாணிக்காகப் பட்ட கடனைத் தானே முன்வந்து அடைத்துக்கொண்டிருக்கிறது. முள் மட்டும் என் கையில் ஏறுகிறது.

விஷயம் இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் கணக்கர் பேரேட்டைப் புரட்டியபோது வேறொன்று அகப்பட்டது. அப்போது அமலில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி, இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு கூடிய விடுப்பு இருந்தது. எடுக்காமல் மிஞ்சியதை முப்பது நாள் வரையில் மறு ஆண்டுக்குக் கொண்டுபோக முடிந்தது. வேலையை விட்டு நிற்கும்போது மிச்சத்துக்குப் பணம் தர வேண்டியிருந்தது. பஞ்சப்படியை இரண்டு தரம் சேர்த்த அதே கம்ப்யூட்டர், ஆண்டு பிறக்கும்போதெல்லாம் இந்த விடுப்பு மிச்சத்தை ஒரு தரம்கூட அடுத்த ஆண்டுக்குச் சேர்க்காமல், பூஜ்யத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. இதுவும் அதே தணிக்கையாளர்கள் பார்த்த அதே புத்தகத்தில், பக்கத்துப் பத்தியில் இருந்தது. அந்தப் பத்தியின்மீது அவர்களுடைய திருஷ்டி விழவில்லை.

நான் எழுதிக் கேட்டேன். விடுப்புச் சீட்டுகளின் அசலை இணைத்து உரிய படிவத்தில் விண்ணப்பிக்கும்படி பதில் வந்தது. அசல் அவர்களிடம் இருக்கிறது; நகல் யாரிடமும் இல்லை. ஒவ்வொரு தவணையோடும் இதைப் பற்றி ஒரு ஞாபகக் கடிதத்தையும் சேர்த்து அனுப்புகிறேன். தவணைக்கு மட்டும் மறுவாரமே ரசீது வந்துவிடுகிறது.

கணக்கரிடம் முறையிட்டேன். அவர் சற்று யோசித்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நீ எழுதுற முறையே தப்பு தம்பி. லீவு பணம் இன்னும் குடுக்கலைன்னு எழுதுனா எவன் பார்ப்பான்? ஏற்கெனவே ரெண்டு தரம் குடுத்துட்டீங்க, ஒண்ணைத் திருப்பிக் குடுக்கலாம்னு இருக்கேன்னு எழுது. நாளைக்கே பைலை எடுத்துப் பிரிப்பாங்க," என்றார்.

அந்தக் கடிதத்தைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.